பழைய சேலத்தில் வீடு பார்க்கப் போன கதை

சேலத்துக்கு உறவுக்காரர்கள் வந்தால் ஏற்காட்டுக்கு வண்டி பேசிக் கொடுப்போம். அதற்கும் நேரமில்லாதவர்களைக் கோட்டை மாரியம்மனைக் கும்பிட வைத்து, சுகவனேசுவரர் கோயிலுக்கு அழைத்துப் போய், கடைவீதியில் ஒரு ஜோடி கொலுசு எடுத்துக் கொடுத்து ரயில் ஏற்றிவிடுவோம். இந்த ஊரில் பார்ப்பதற்கு வீடுகளும் இருக்கின்றன என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை. வீடு பார்க்க வேண்டுமென்றால் காரைக்குடிக்குப் போக வேண்டும் என்பதுதான் எல்லோருடைய எண்ணமும். அந்த எண்ணத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

செட்டிநாட்டு வீடுகளின் பிரம்மாண்டம் சேலத்தில் கிடையாது. தெருவுக்குத் தெரு நீளும் கல்யாணக் கூடமோ வெளிநாட்டுக் கண்ணாடியோ இங்கே தேடக் கூடாது. இங்கே இருப்பவை தொழில் செய்தவர்கள் தொழிலுக்காகக் கட்டிய வீடுகள். வக்கீல் வீடு, மண்டிக்காரர் வீடு, வெள்ளிப் பட்டறைக்காரர் வீடு, நெசவாளர் வீடு. வாசல் எவ்வளவு அகலம், முற்றம் எங்கே, தரை மண்ணா காரையா என்பதையெல்லாம் உள்ளே நடந்த வேலைதான் தீர்மானித்தது. அந்த வேலையைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வீடுகளில் ஒரு செங்கல்லைக்கூடச் சரியாக மாற்றி வைக்க முடியாது. பழைய சேலத்தின் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கியதில் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்.

திருமணிமுத்தாறு ஏற்காட்டு மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் ஓடுகிறது. அதன் இரு பக்கமும்தான் பழைய ஊர்: கோட்டை, அக்ரகாரங்கள், கடைவீதிகள், செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாப்பேட்டை. வசதி வந்தவர்கள் ஒவ்வொருவராக பேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி என்று வடக்கே நகர்ந்த பிறகு இந்தத் தெருக்களில் குடோன்களும் பூட்டுகளும் பெருகின. 2016-ல் சேலம் சீர்மிகு நகரத் திட்டத்தில் சேர்ந்தது. பழைய பேருந்து நிலையத்தை இடித்து, ஈரடுக்காகக் கட்டி, 2023-ல் திறந்தார்கள். சுற்றுப்பட்ட தெருக்களில் நடமாட்டம் கூடியது. வாடகையும் கூடவே ஏறியது. பூட்டிக் கிடந்த வீடுகளை வைத்திருந்தவர்களுக்கு முதல்முறையாக ஒரு கேள்வி எழுந்தது: இடித்துக் காம்ப்ளக்ஸ் கட்டுவதா, சரிசெய்து வைத்துக்கொள்வதா? பெரும்பாலானவர்கள் முதலாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்த சிலரின் வீடுகளைத்தான் நாங்கள் பார்த்தோம்.

கூட்டிப் போனவன் என் பள்ளித் தோழன், கட்டடப் பொறியாளன். ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே கேட்டுவைத்து, ஆர்வமுள்ளவர்கள் சிலரை அழைத்துப் போகிறான். அவனிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. வீட்டைப் பற்றி அவன் பேசமாட்டான். வீட்டுக்காரரோ, வேலை செய்த மேஸ்திரியோதான் பேச வேண்டும்.

முதலில் இரண்டாவது அக்ரகாரம் பக்கம் ஒரு வீடு. ஒரு காலத்தில் வக்கீல் குடும்பம். சேலம் வக்கீல்களின் ஊராக இருந்தது உண்டு. செவ்வாய்ப்பேட்டையில் 1882-ல் நடந்த கலவர வழக்கில் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் வென்று விடுதலையாகி, பிறகு 1920 நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய சேலம் விஜயராகவாச்சாரியார் இங்கேதான் வாழ்ந்தார். ராஜாஜி 1900-ல் வக்கீல் தொழில் தொடங்கியதும், 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்ததும் இதே ஊரில்தான். நாங்கள் பார்த்த வீடு அவ்வளவு பெரிய பெயர்களோடு சம்பந்தப்பட்டதில்லை. ஆனால் திண்ணையின் நீளத்தைப் பார்த்தாலே தொழில் தெரிந்துவிடுகிறது. வழக்குக்கு வரும் கட்சிக்காரர்கள் காத்திருக்க வாசலின் இருபுறமும் திண்ணை. அதில் ஒருபுறத் திண்ணையிலிருந்து நேரே வக்கீலின் அலுவல் அறையான காமரா அறைக்குள் போக ஒரு தனிக் கதவு. வழக்குக்காக வந்தவர் வீட்டுக்குள் நுழையாமலேயே வக்கீலைப் பார்த்துவிட்டுப் போகலாம். ரேழி, கூடம், முற்றம், அடுக்களை எல்லாம் அந்தக் கதவுக்கு அப்பால் குடும்பத்தின் பாட்டுக்கு இருந்தன.

"வாங்கோ, தலை இடிக்கும், குனிஞ்சு வாங்கோ" என்று வரவேற்ற மாமிக்கு எண்பதை நெருங்கும் வயது. வாசலைக் காட்டி அவர் சொன்ன முதல் விஷயம் எங்கள் எல்லோரையும் நிறுத்தியது. அவர் மணமாகி வந்தபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் திண்ணைக்கு வருவார்களாம். இன்றைக்குத் தெருவிலிருந்து ஒரு படி இறங்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, ஐம்பது அறுபது ஆண்டுகளில் தெரு வீட்டை விட உயர்ந்துவிட்டது. மழைத் தண்ணீர் வாசலுக்கு வருகிறது. பழைய வீடுகள் ஏன் விழுகின்றன என்று கேட்டால் கறையான், பாகப்பிரிவினை என்று என்னென்னவோ சொல்வோம். தெரு மட்டம் உயர்ந்ததை ஏனோ யாரும் சொல்வதில்லை. அடித்தளத்தை நனைத்துச் சுவரை முதலில் கெடுக்கத் தொடங்குவது அதுதான்.

இதற்கு மேல் விவரமெல்லாம் மேஸ்திரியிடம் கேட்டது. எழுபது வயதுக்காரர். அப்பாவோடு சித்தாளாகத் தொடங்கியவர். இளவயதில் சுண்ணாம்பு வேலை பார்த்தார். பிறகு ஊர் முழுக்கச் சிமெண்டுக்கு மாறியபோது இவரும் மாறினார். இப்போது தேடி வந்து அழைக்கிறார்கள் என்பதால் மறுபடியும் சுண்ணாம்பைக் கையில் எடுத்திருக்கிறார்.

அவர் சொன்னதை என்னால் முடிந்த அளவு தருகிறேன். இந்தச் சுவர்கள் ஒன்றரை அடிக்கு மேல் தடிமன். செங்கல், இடையில் சுண்ணாம்புக் காரையோ மண்ணோ. கீழே தரையிலிருந்து ஈரம் மெல்ல ஏறிக்கொண்டேதான் இருக்கும். மேலே பூசியிருக்கும் சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். வெயிலில் உலர்ந்துபோகும். இதுவரை சரி. எண்பதுகளில் யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு சிமெண்ட் பூசி, அதன் மேல் பெயிண்ட் அடித்துவிடுகிறார். வெளியேற வழி அடைபட்ட ஈரம் சுவருக்குள்ளேயே மேலே ஏறுகிறது. இடுப்பளவு இருந்த ஓதம் தலையளவுக்கு வருகிறது. ஈரத்தோடு வரும் உப்பு சுவருக்குள்ளேயே படிகமாகி, செங்கல்லைப் பொரிப்பொரியாக உதிர்க்கிறது. வீட்டுக்காரர் பயந்துபோய் இன்னொரு கோட் சிமெண்ட் பூசுகிறார்.

"ஈரச் சட்டையோட இருக்கறவனுக்கு மேல ரெக்சின் கோட்டு மாட்டிவுட்ட மாதிரிதாங்க. உள்ளாரயே வெந்து போவான்" என்றார் மேஸ்திரி.

அதனால் இந்த வீட்டில் புதுப்பிக்கும் வேலை இடிப்பில்தான் தொடங்கியிருக்கிறது. சிமெண்டைச் சுவர் சுவராகக் கொத்தி எடுத்திருக்கிறார்கள். பிறகு பல மாதம் எதுவும் பூசாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். அக்கம்பக்கத்தார் பணம் தீர்ந்துபோய் வேலை நின்றுவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம். சுவர் காயட்டும் என்று விட்டிருக்கிறார்கள். ஒரு கோடை முழுக்கக் காய்ந்த பிறகே பூச்சு.

பூச்சுக்கான சுண்ணாம்பு கொல்லைப்புறத்துத் தொட்டியில் ஊறிக் கிடந்ததைப் பார்த்தோம். சுட்ட சுண்ணாம்புக்கல்லைத் தண்ணீரில் போட்டு நீற்றி, வாரக்கணக்கில் ஊறவைத்தால் வெண்ணெய்ப் பதத்துக்கு வரும். எவ்வளவு நாள் ஊறுகிறதோ அவ்வளவு நல்லது. பக்கத்தில் இன்னொரு பானையில் உடைத்த கடுக்காயும் வெல்லமும் ஊறுகின்றன. அந்தப் புளித்த துவர்ப்பு வாடை வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும். முதலில் என்னவோ கெட்டுப்போன வாடை என்றே தோன்றும். சற்று நேரத்தில் பழகிவிடும். மணலும் சுண்ணாம்பும் கலக்கும்போது வெறும் தண்ணீருக்குப் பதில் இந்தக் கடுக்காய்த் தண்ணீரை ஊற்றுகிறார்கள். கலவை கையில் ஒட்டும் பதம் மாறுகிறது, காய்ந்த பிறகு வெடிப்பு குறைகிறது. பூசிய சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாகவே இறுகும். அதற்கு மாதக்கணக்காகும். அவசரப்பட்டு வெயிலில் காயவிட்டால் மாவாக உதிரும். அதனால் நனைத்த சாக்கைச் சுவரில் தொங்கவிட்டு வைத்திருந்தார்கள்.

இந்த மாவட்டத்தில் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. சங்ககிரிப் பக்கம் சிமெண்ட் ஆலையே அதை நம்பித்தான் வந்தது. ஆனால் நல்ல சுட்ட சுண்ணாம்பு வாங்குவதற்கு மேஸ்திரி படும் பாட்டைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். சுடுபவர்கள் குறைந்துவிட்டார்கள். கல் நம் காலடியில் கிடக்க, கைவேலை மட்டும் கைநழுவிப்போனதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கூரைக்கு வருகிறேன். கட்டைக்குத்து ஒட்டு என்று இதைச் சொல்வார்கள். சென்னைப் பக்கம் மெட்ராஸ் டெரஸ் என்கிறார்கள். சுவருக்குச் சுவர் தேக்கு விட்டம், அதன் மேல் நெருக்கமாகச் சரக்கட்டைகள், கட்டைகளுக்கு மேல் விரல் தடிமனுள்ள சின்னச் செங்கற்களைக் குத்தலாக, சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் கோத்துக்கொண்டே போவார்கள். கம்பி கிடையாது, தாங்குபலகை கிடையாது. ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லைப் பிடித்துக்கொள்கிறது. அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடைசியில் தட்டையான ஓடு பதிப்பார்கள். இந்த வீட்டில் அழுகிப்போன விட்டங்களை மட்டும் மாற்றிவிட்டு மீதிக் கூரையைக் காப்பாற்றியிருக்கிறார்கள். வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளக்க, கூடத்தில் மின்விசிறி இல்லாமல் எங்களால் உட்கார முடிந்தது.

இந்த வீட்டில் எனக்கு மிகவும் பிடித்தது முற்றத்துச் சுவர். பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பி இருவருக்கும் வீடு இரண்டாகி, முற்றத்தின் நடுவே ஆளுயரச் சுவர் எழும்பியிருக்கிறது. பழைய சேலத்தில் இது வீட்டுக்கு வீடு நடந்தது. சுவர் வந்ததும் ஒரு பாதிக்குத் தண்ணீர் வெளியேறும் சலதாரை இல்லாமல் போனது. மழைத் தண்ணீர் தேங்கியது. இன்னொரு பாதிக்கு வெளிச்சம் போனது. இரண்டு பாதியும் கெட்டன. இப்போது அடுத்த தலைமுறையினர் உட்கார்ந்து பேசி, பத்திரத்தில் எல்லையை அப்படியே வைத்துக்கொண்டு, சுவரை மட்டும் முழங்கால் உயரத்துக்குக் குறைத்திருக்கிறார்கள். சலதாரை பொது. செலவு பாதிப் பாதி. மாமி அந்தக் குட்டைச் சுவரின் மேல் வடாம் காயவைத்திருந்தார். பங்காளிகள் பேசிக்கொண்டால் காப்பாற்றிவிடக்கூடிய வீடுகள் இந்த ஊரில் எத்தனையோ இருக்கின்றன.

செவ்வாய்ப்பேட்டை அடுத்தது. செவ்வாய்ச் சந்தை கூடிய பேட்டை. இன்றும் லீ பஜாரும் மண்டிகளும் சேர்ந்து மூட்டை இறக்கும் சத்தம் ஓயாத இடம். இங்கே கடை முன்னால், வீடு பின்னால், சரக்கு மாடியில். ஒரு மண்டி வீட்டைச் சீக்கிரம் பார்த்துவிட்டு நகர்ந்தோம்: பலகைப் பலகையாகக் கழற்றி அடுக்கும் கடைக் கதவு, தராசு தொங்கிய கொக்கி அப்படியே இருக்கும் உத்தரம். மகன் அதை காபி கடையாக்க ஆசைப்படுகிறார். அப்பா மண்டியை விட மறுக்கிறார். நான் அப்பா பக்கம். காபி கடைகள் வரட்டும், எனக்கு விரோதமில்லை. ஆனால் ஒரு தெருவில் மூன்றாவது பழைய வீடும் காபி கடையாகும்போது, அந்தத் தெருவில் மூட்டை தூக்குகிறவருக்குப் போக இடமில்லாமல் போகிறது.

வெள்ளிப் பட்டறை வீட்டில்தான் நேரம் போனதே தெரியவில்லை. சேலம் கொலுசு என்று தமிழ்நாடு முழுக்க வாங்குகிறார்களே, அது பெரிய ஆலையில் பிறப்பதில்லை. இப்படிப்பட்ட வீடுகளின் கூடத்திலும் மாடியிலும் கைக்குக் கை மாறிப் பிறக்கிறது. ஒரு வீட்டில் உருக்கிக் கம்பி இழுப்பார்கள், இன்னொன்றில் பற்றவைப்பார்கள், மற்றொன்றில் சலங்கை கோப்பார்கள், வேறொன்றில் மெருகேற்றுவார்கள். ஒரு ஜோடி கொலுசு கடைக்கு வருவதற்குள் பல தெருக்களை நடந்துவிடும்.

இந்த வீட்டில் முன்கூடத்துப் பட்டறையை மூன்று தலைமுறையாக நடத்துகிறார்கள். தரை பெயர்ந்து போனதால் புதுத் தரை போட வேண்டிய கட்டாயம். என் தோழன் செட்டிநாட்டுப் பூவேலைத் தரைக்கல்லான ஆத்தங்குடிக் கல் போடலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறான். வீட்டு அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். ஏன் என்று நாங்கள் கேட்டபோது அவர் விளக்குமாற்றையும் ஒரு டப்பாவையும் எடுத்துவந்து காட்டினார். பட்டறையில் ராவும்போதும் வெட்டும்போதும் வெள்ளித்தூள் சிந்தும். தினமும் மாலையில் தரையைக் கூட்டி, அந்தக் குப்பையைக் கொட்டாமல் சேர்த்துவைப்பார்கள். சேர்ந்த பிறகு அதை உருக்கி வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள்.

"கல்லுன்னா சந்து இருக்கும் கண்ணு. சந்துல போன வெள்ளி போனதுதான். எனக்கு ஒரே தரையா வேணும்" என்றார்.

ஆகவே பழைய முறையில், சந்தே இல்லாமல், சிவப்பு ஆக்சைடு தரையை இழைத்து இழைத்துப் போட்டிருக்கிறார்கள். முகம் தெரிகிறது. சுவரும் தரையும் சேரும் மூலையைக்கூட வளைவாக்கிவிட்டார்கள், விளக்குமாறு போக வசதியாக. படித்த எங்கள் யாருக்கும் இது தோன்றியிருக்காது. அழகுக்காக ஆத்தங்குடிக் கல் போட்டிருந்தால் படம் எடுக்க நன்றாக இருந்திருக்கும். ஆறு மாதத்தில் பட்டறை வேறெங்காவது போயிருக்கும். பட்டறை போன பிறகு அந்த வீட்டை வைத்துக்கொள்ள அந்தக் குடும்பத்துக்குக் காரணமே இருந்திருக்காது.

குகையில் நாங்கள் பார்த்த வீடு மிகச் சிறியது. வெளியூர்க்காரர்கள் ஆடி மாதத்தில் குகைக்கு வந்திருந்தால் வண்டி வேடிக்கை பார்த்திருப்பார்கள்: சாமி வேடமிட்டவர்கள் அலங்கார வண்டிகளில் ஊர்வலமாக வர, இருபக்க வீட்டுத் திண்ணைகளிலும் மாடிகளிலும் ஜனம் பிதுங்கும் நாள் அது. மற்ற நாள்களில் இது தறிச் சத்தத் தெரு. சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அதை நெய்த வீடுகள் என்ன நிலையில் இருக்கின்றன என்று போய்ப் பார்ப்பவர் குறைவு.

குழித்தறி வீடு அது. தரையில் இடுப்பளவுக்குக் குழி. நெய்பவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து கால்களைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிப்பார். தரை மண்தரையாக இருக்க வேண்டும். மண்ணிலும் குழியிலும் இருக்கும் ஈரப்பதம் பட்டு நூலைக் காய்ந்து அறாமல் காப்பாற்றும். சிமெண்ட் தரை போட்டால் கோடையில் நூல் அறும். அக்ரகாரத்து வீட்டில் ஈரம் எதிரி. இங்கே ஈரம் வேண்டும். பழைய வீடு எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் என்று யாராவது பட்டியல் கொடுத்தால் நம்ப வேண்டாம் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

வீட்டுப் பெரியவர் நெய்வதை நிறுத்திவிட்டார், முட்டி வலி. மருமகள்தான் இப்போது தறியில் உட்காருகிறார். விசைத்தறி வாங்கிப் போடச் சொல்லிப் பலர் சொன்னார்களாம். பக்கத்து வீடுகளில் போட்டிருக்கிறார்கள். அந்த அதிர்வில் சுவர்கள் விரிசல் கண்டிருப்பதைத் தெருவில் நடந்தாலே பார்க்கலாம். வீட்டைப் புதுப்பிக்கும்போது குழியை மூடிவிட்டு ஒரு அறை எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்திருக்கிறது.

"மாமா மூடலாம்னுதான் சொன்னாரு. நாந்தான் வேணாம்னேன். குழிய மூடிட்டு இந்த வீட்ல நான் என்ன பண்றது?" என்றார் மருமகள், கை நிற்காமல் ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டிக்கொண்டே.

ஆகவே நாட்டு ஓட்டுக் கூரையை மட்டும் பிரித்து, கைமரங்களில் கெட்டதை மாற்றி, தறிக்கு நேர் மேலே இரண்டு கண்ணாடி ஓடு வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் நேரே தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் விழுகிறது. மொத்தச் செலவு ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபத்தின் ஒரு நாள் வாடகையைத் தாண்டாது என்றான் தோழன். நாங்கள் பார்த்தவற்றில் ஆகச் சிறந்த சீரமைப்பு இதுதான் என்பது என் கருத்து.

இன்னொன்றையும் பெரியவர் சொன்னார். தெரு ஏன் இவ்வளவு நேராக, நீளமாக இருக்கிறது தெரியுமா என்று கேட்டார். விடியற்காலையில் வெயில் ஏறுமுன் தெரு நீளத்துக்குப் பாவை விரித்து, கஞ்சி போட்டு, இழை இழையாகப் பிரித்து உலர்த்துவார்கள். இரண்டு பக்கத்து வீட்டு ஆட்களும் கைகொடுப்பார்கள். தெருவும் அவர்களுக்கு வீட்டின் ஒரு அறை. இப்போது அங்கே இருசக்கர வாகனங்கள் வரிசையாக நிற்கின்றன. அழகான நடைபாதைக் கல் பதித்து, விளக்குக் கம்பம் நட்டு, தெருவை மேம்படுத்துகிறோம் என்று திட்டம் போடுகிறவர்கள், அதற்கு முன்பு ஒரு விடியற்காலை இந்தத் தெருவில் வந்து நின்று பார்க்க வேண்டும்.

புதுச்சேரியில் வைசியாள் வீதியைச் சீர்செய்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். தமிழர் பகுதித் தெரு அது, திண்ணையும் தாழ்வாரமுமாக. மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பும் அரசும் வீட்டுக்காரர்களுமாகச் சேர்ந்து ஒரு தெருவின் முகத்தையே மீட்டார்கள். 2008-ல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுக் காப்பு விருதும் கிடைத்தது. அகமதாபாத் மாநகராட்சி 1997-லிருந்து பழைய ஊருக்குள் மக்களைத் தினமும் காலையில் நடத்திக் கூட்டிப் போகிறது. 2017-ல் அந்த ஊர் உலக மரபு நகரமானது. இருபது ஆண்டு நடந்த பிறகு. தமிழ்நாட்டில் மரபு ஆணையத்துக்கென்று 2012-லேயே சட்டம் வந்தது. மரபுச் சின்னம் என்றதும் நம் மனம் கோயிலுக்கும் கோட்டைக்கும் ஓடுகிறது. ஓட்டு வீட்டுக்கு ஓடுவதில்லை. மாநகராட்சியிடம் நான் பெரிதாக எதுவும் கேட்கமாட்டேன். தார் போடும் முன் பழைய தாரைச் சுரண்டி எடுங்கள். பழைய வீட்டைச் சரிசெய்கிறவருக்கு ஒருசில ஆண்டு சொத்து வரியில் சலுகை கொடுங்கள். இந்த இரண்டு போதும் தொடங்குவதற்கு.

ஏற்காட்டைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் விட்டால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் அங்கே வேறு வகை வீடுகள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபிச் செடி கொண்டுவந்து வளர்த்த கிரேஞ்ச் எஸ்டேட் தொடங்கி, எஸ்டேட் பங்களாக்கள் பலவும் நல்ல நிலையில் இருக்கின்றன. 1863-ல் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் ஓய்வுக்காலத்தில் ஏற்காட்டில்தான் வாழ்ந்தார்; அங்கே ஹோலி டிரினிடி தேவாலயத்தில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. பங்களாக்களில் சில இப்போது தங்கும் விடுதிகள். நன்றாகவே பராமரிக்கிறார்கள். காபியும் மிளகும் விளையும்வரை அவற்றுக்கு ஆபத்தில்லை. எனக்கு மனம் போவது அவற்றைத் தாண்டி, சேர்வராயன் மலையின் மலையாளி என்ற பழங்குடி மக்களின் ஊர்களுக்கு. மூங்கில் பிளாச்சைப் பின்னிச் செம்மண் பூசி, புல் வேய்ந்த அவர்களுடைய வீடுகள் கிட்டத்தட்ட மறைந்துவிட்டன. அந்தக் குளிருக்கும் காற்றுக்கும் அவ்வளவு பொருந்திய வீட்டை யாரும் மரபு என்று சொல்லி அளந்துகூட வைக்கவில்லை என்றால் அது பெரிய இழப்பு. இன்னும் நிற்கும் ஒன்றிரண்டையாவது, அந்த மக்களையே பேசவைத்து, வரைந்து பதிவு செய்ய வேண்டும். தோழனிடம் சொல்லியிருக்கிறேன், செய்யலாம் என்றிருக்கிறான்.

பழைய சேலத்தில் உங்களுக்கோ உங்கள் பெரியப்பா, சித்தப்பா குடும்பத்துக்கோ ஒரு வீடு பூட்டிக் கிடந்தால், மேஸ்திரி சொன்ன சில காரியங்களை உடனே செய்யுங்கள். பெரிய பணம் வேண்டாம். மாடிக்கு ஏறித் தூம்பு அடைப்பை எடுங்கள். சுவரில் முளைத்திருக்கும் அரசங்கன்றை விரல் தடிமன் ஆகுமுன் வேரோடு எடுங்கள். வெட்டினால் போதாது, மறுபடி தழைக்கும். சிமெண்ட் பூச வேண்டாம், பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம், சுண்ணாம்பே அடியுங்கள். கதவு, நிலை, தூண் வாங்க வருகிறவருக்கு விற்றுவிடாதீர்கள். அவர் தரும் தொகைக்கு அதே மரத்தில் ஒரு ஜன்னல்கூடச் செய்ய முடியாது. பாகம் பிரிப்பதாக இருந்தால் பிரிக்குமுன் வீட்டை முழுதாக அளந்து, படமெடுத்து, எல்லாப் பங்காளிகளிடமும் ஒரு படி கொடுத்துவையுங்கள்.

பூச்சு வேலைக்கு மேஸ்திரியை அழைப்பதாக இருந்தால் கொஞ்சம் முன்னதாகவே சொல்ல வேண்டும். அவரிடம் இப்போது இரண்டு பையன்கள் வேலை கற்கிறார்கள், ஆனாலும் கை போதவில்லை. ஐப்பசி மழைக்கு முன் பூச்சு இறுக வேண்டுமானால் ஆவணியில் பூசியாக வேண்டும். ஆவணியில் பூச வேண்டுமானால் ஆனியிலேயே தொட்டி கட்டிச் சுண்ணாம்பை ஊறவைத்துவிட வேண்டும். ஆடியில் பண்டிகை முடியும்வரை செவ்வாய்ப்பேட்டையிலும் குகையிலும் ஒருவரும் வேலைக்கு வரமாட்டார்கள், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.